ஆறு சன்னல்கள்

ஆலைகளில் தூசி அளப்பது என் வேலை. நேற்று ஓரிடத்தில் சூடான தவிடு மணத்தபோது, சண்டைக் காலத்தில் தேற்றாத்தீவு வாவிக்கரையில் ஓடி, பிறகு எரிந்துபோன நெல் ஆலையின் வாசலில் மனதால் மறுபடி நின்றேன். அங்கே சன்னல்கள் ஆறு. தவிடு பறந்துவிடும் என்று ஆறையும் பூட்டியே வைத்திருப்பார்கள். பள்ளி விட்டு நான் வாசலில் காத்திருக்க, உள்ளே அம்மாவும் மற்றப் பெண்களும் வாயில் ஈரத்துணி கட்டிப் புடைத்துக்கொண்டும் இருமிக்கொண்டும் இருப்பார்கள். வீட்டுக்கு வந்தும், என் பெயரைக் கூப்பிட்டு முடிக்குமுன் அம்மாவுக்கு இருமல் வந்துவிடும்.

ஒருநாள் அம்மா சுளகைக் கவிழ்த்து வைத்தா.

"முதலாளி, தவிடு உங்களுக்கு, இருமல் எங்களுக்கா? சன்னலைத் திறங்க, வேலைக்கு வாறம்."

"இந்தச் சண்டைக்குள்ள வேற எங்க புள்ள வேலை கிடைக்கும்?"

"கிடைக்காதுதான். இங்க மூச்சும் கிடைக்குதில்லையே."

இரண்டு நாள் ஒரு பெண்ணும் போகவில்லை. மூன்றாம் நாள் முதலாளியே ஆறையும் திறந்தார்.

ஒரு மாதம் கழித்து, வேலை முடிந்து வந்த அம்மா, வீட்டு வாசல் படலையடியில் நின்று என் முழுப் பெயரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டா.