முழங்காலுக்குப் பின்னால் ஒரு வட்டம்

உடம்பில் வட்டமாக எது வந்தாலும் படர்தாமரை என்று தீர்ப்பு சொல்லிவிடும் முட்டாள் நான். கோடை லீவில் அமெரிக்காவில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே என் எட்டு வயது மகளின் முழங்காலுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு வட்டம் கிளம்பியது. எனக்கு உடனே மச்சானின் நாய்மேல் சந்தேகம். கல்ஃப்காரன் பெட்டியில் பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடி இருப்பது மருந்துப் பைதானே? ஊரில் வாங்கிய கிரீமைத் தடவினேன். வட்டம் பெரிதாகி, பிறகு காணாமல் போனது. "பாத்தீங்களா மச்சான், டாக்டரே வேண்டாம்!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு துபாய் திரும்பினேன்.

நாங்கள் குடியிருக்கும் அல் குசைஸில் பள்ளி திறந்த வாரம். பல் தேய்த்து வாய் கொப்பளித்த மகளுக்குத் தண்ணீர் ஒரு ஓரமாக வழிந்தது. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் மட்டும் போனது.

"ஸ்கூலுக்கு மட்டம் போடப் பாக்குறா" என்றேன்.

மனைவி அவள் வலது கண்ணருகே விரலைக் கொண்டுபோனாள். இமை பாதிதான் இறங்கியது. "இதை நடிக்க முடியுமா? வண்டியை எடுங்க."

ஏசிக் குளிர்தான் முகத்தில் அடித்திருக்கும் என்று, போகிற வழியெல்லாம் மகள் கட்டிலுக்கு மேலே இருக்கும் ஏசியைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

கிளினிக்கில் மலையாளி டாக்டரம்மா. புருவத்தைத் தூக்கு, கன்னத்தை உப்பு, கண்ணை இறுக்கி மூடு என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "லீவுக்கு எங்கேயாவது போனீங்களா?" என்றார்.

இந்தம்மா ஏன் கேட்கிறார்? வேறு நாட்டில் பிடித்த வியாதி என்றால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். "எங்கேயும் போகல" என்றேன்.

"அப்பா லையிங்!" என்றாள் மகள், கோணிய வாயோடு. "மாமா வீட்டுக்குப் போனோம், ஆன்ட்டி. பின்னாடி பெரிய ஃபாரஸ்ட் இருக்கு."

"அப்ப உடம்புல வட்டமா ஏதாவது வந்துச்சா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கிளினிக் சுவரில் இருந்த ஏசியைப் பார்த்தேன்.

"லைம் நோயா இருக்கலாம்" என்றார் டாக்டர். "அங்கே காட்டுப் பக்கத்துப் புல்லில் உண்ணி இருக்கும். கசகசா அளவுதான், கடிச்சதே தெரியாது. அந்த வட்டம் தானாவே மறையும், கிருமி உள்ளேயே இருக்கும். சில வாரம் கழிச்சு சிலருக்கு முக நரம்பைப் பிடிக்கும். இங்கே பொதுவா பாக்கிற நோய் இல்ல. அதான் போன இடத்தைக் கேட்டேன்."

"சரியாயிடுமா?" என்றாள் மனைவி.

"பெரும்பாலும் சரியாயிடும். மருந்தை மட்டும் நடுவில நிறுத்தாதீங்க."

அந்த 'பெரும்பாலும்' மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ரத்தப் பரிசோதனையில் லைம்தான் என்று உறுதியான பிறகும் போகவில்லை. மகள் மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாள், கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டாள். ஆனால் வாயைக் கையால் மறைத்தபடிதான் பேசினாள். வகுப்பில் போட்டோ எடுத்த அன்று கடைசி வரிசையில் போய் நின்றாளாம்.

தினமும் காலையில் வாசல் கதவருகே நிறுத்தி நானே பரிசோதித்தேன். புருவம், கன்னம், கண். ஒருநாள் வலது இமை முழுசாக மூடியது. வாய் நேராக இருந்தது. நான் நம்பவில்லை. முகத்தை இறுக்கிப் பிடித்து ஏமாற்றுகிறாளோ? டார்ச் அடித்துப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை சிரி, பாப்போம்."

"கலாஸ்ப்பா, போதும்! பஸ் போயிடும்."