செருப்பு ரப்பரில் வெட்டிய குழிகள்

எனக்கு வயசு எழுபத்து நாலு. தாராவியில் இட்லி விற்றே அஞ்சு பிள்ளைகளை ஆளாக்கினேன். இப்பவும் விற்கிறேன்.

ஒரு சாயங்காலம் கிரைண்டர் நின்றுபோனது. அரிசி ஊறிவிட்டது, ஆட்டாவிட்டால் காலையில் வியாபாரம் இல்லை. ரிப்பேர் பார்க்கிற பாய் ஒருத்தர் வந்தார். வெள்ளைத் தாடி, கசங்காத சட்டை. அவர் டூல் பெட்டியைத் திறந்ததும் அசந்துபோனேன். பழைய செருப்பு ரப்பரை உள்ளே பரப்பி, ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்திலேயே குழி வெட்டியிருந்தார்.

வேலை முடிந்ததும் சுவிட்சுக்குக் கை நீட்டினேன். பாய் மறித்தார்.

"பொறுங்க ஆச்சி. ஒருத்தன் இன்னும் வீட்டுக்கு வரல."

பெட்டியில் ஒரு குழி காலியாக இருந்தது.

"மாவை உங்க பெட்டியா வந்து ஆட்டும்?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கிரைண்டரைச் சாய்த்து அடியில் துழாவினார். பெல்ட்டின் மேல் சின்ன ஸ்பேனர் கிடந்தது. சுவிட்சைப் போட்டிருந்தால் பெல்ட்டும் போயிருக்கும், வியாபாரமும் போயிருக்கும். ஸ்பேனரைத் துடைத்துக் குழியில் வைத்த பிறகுதான், "இப்ப போடுங்க" என்றார்.

தன் கையும் மறக்கும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு, பெட்டியைக் காவலுக்கு வைத்த மனுஷன். அப்படி ஒருத்தரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஏட்டி பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இதை வாசி. பம்பாயில வளர்ந்த உனக்குத் தமிழ் தட்டுனாலும் எழுத்துக் கூட்டியாவது வாசி. அவர் பெட்டியைச் சரியாச் சொல்லியிருக்கேனான்னு என் காதால கேக்கணும்.