வெள்ளையம்மா பெருக்கிய அறை

இன்று காலையில் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை அநியாயமாக அதட்டிவிட்டேன். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. வழக்கம்போல வந்தாள், விளக்கமாற்றை எடுத்தாள். மகனும் மருமகளும் பேத்தியும் ஏறிய கார் அப்போது எங்கள் தெரு முனையைக்கூடத் தாண்டியிருக்காது. கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம், அங்கிருந்து எங்கெங்கோ மாறிக் கனடா. கூடம் முழுக்கப் பெட்டி கட்டிய டேப்பு, கிழித்த அட்டை, பேத்தி கடித்துப் போட்ட பிஸ்கட் தூள்.

"இப்பப் பெருக்காதே. வை கீழ."

"குப்பையா கெடக்கேம்மா?"

"கெடக்கட்டும். அவங்க போய்ச் சேந்த சேதி வரட்டும்."

"கனடாவுக்கா? அதுக்கு ரெண்டு நாளாகுமேம்மா!"

ஆகட்டும் என்றேன். வயசாகிவிட்டால் இப்படித்தான் என்று நினைத்திருப்பாள். விளக்கமாற்றைச் சாத்திவிட்டுக் குளியலறையைக் கழுவப் போனாள். சற்று நேரத்தில் பினாயில் வாசனை வந்தது. எலுமிச்சை வாசனை, ரோஜா வாசனை என்று இப்போது என்னென்னவோ விற்கிறார்கள். நான் பிடிவாதமாகப் பழைய கறுப்பு பினாயிலைத்தான் தேடிப்பிடித்து வாங்குகிறேன். தண்ணீரில் ஊற்றியதும் பாலாக வெளுக்குமே, அது. மகன் வரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வீடா ஆஸ்பத்திரியாம்மா?" என்பான். அவன் பிறந்த இடத்தின் வாசனை அதுதான் என்று சொன்னால் நம்பமாட்டான்.

குடவாசலுக்குக் கிழக்கே, சோழசூடாமணி ஆற்றை ஒட்டின ஊர் எங்களுடையது. கல்யாணமாகி வந்த புதிதில் அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டுக் கட்டடம், நடுவில் ஒரு கூடம், மருந்து அறை ஒன்று, பிரசவ அறை ஒன்று, கடைசியில் சிஸ்டர் தங்கும் அறை. சீட்டு எழுதுவதும் மாத்திரை எண்ணிக் கொடுப்பதும் என் வேலை. நாங்கள் சிவன் கோயில் விபூதி பூசுகிற குடும்பம். அதனால் என்ன, காய்ச்சல் வந்தால் எல்லோரும் அந்தப் படிதான் ஏறுவோம்.

சிஸ்டர் இத்தாலிக்காரர். பெயர் லூச்சியா. அதை ஊரில் சுருக்கிக் கூப்பிட்டால் வேறு அர்த்தம் வந்துவிடுமே என்று, மரியாதையாக வெள்ளையம்மா ஆக்கிவிட்டார்கள். நிலைப்படி இடிக்கிற உயரம். தமிழைப் புத்தகத்தில் படித்துக்கொண்டு வந்தவர். "கால்களைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்" என்று வாசலில் நின்று முழங்குவார். நாற்று நட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வருகிற பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வாய்க்காலுக்குத் திரும்புவார்கள். சுத்தம் என்றால் அவ்வளவு சுத்தம். ஒரு தூசி பட்டால் விளக்கமாறு, ஒரு ஈ உட்கார்ந்தால் பினாயில்.

அந்த விளக்கமாறு ஒருநாள் அவரை வம்பில் மாட்டிவிட்டது. பெருக்கித் துடைக்க அஞ்சலை என்று ஒரு அக்கா இருந்தாள். அவள் தம்பி துபாய்க்குப் புறப்பட்டவன், சிஸ்டரிடமும் சொல்லிக்கொண்டு போக வந்தான். சொல்லிக்கொண்டான், பஸ் ஏறினான். பஸ் நகர்ந்த கையோடு வெள்ளையம்மா வாசலைப் பெருக்க ஆரம்பித்துவிட்டார். அஞ்சலையக்கா அலறிக்கொண்டு ஓடி வந்து விளக்கமாற்றைப் பிடுங்கினாள்.

"என்னம்மா பண்றீங்க! ஆளு போன ஒடனே பெருக்குறது எழவு வீட்லம்மா! பொணம் போனாத்தான் பெருக்கிக் கழுவி விடுவாங்க! எந்தம்பி திரும்பி வர வேணாமா?"

வெள்ளையம்மாவின் முகம் செத்துப்போயிற்று. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு செய்தார் பாருங்கள் ஒரு காரியம். கூட்டி வைத்திருந்த குப்பையை இரண்டு கையாலும் அள்ளி, எங்கிருந்து பெருக்கினாரோ அங்கெல்லாம் பார்த்துப் பார்த்துத் திரும்பத் தூவினார். பூவரசம் பழுப்பு, பஸ் டிக்கெட்டு, மண் எல்லாவற்றையும். அஞ்சலையக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அதற்கப்புறம் எங்களைவிட அவர் கெடுபிடியாகிவிட்டார். ஊரிலிருந்து யாராவது தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனால்கூட, "சேர்ந்த செய்தி வரட்டும். பெருக்க வேண்டாம்" என்பார். அவருடைய சாமி இதையெல்லாம் ஒப்புக்கொள்ளுமா என்று நான் ஒருநாள் கேட்டுவைத்தேன். "கடவுளுக்காக அல்ல. அஞ்சலைக்காக" என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டும் ஏழாம் மாதத்திலேயே போய்விட்டன. மூன்றாவது தரித்தபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை, பயம்தான் வந்தது. தொட்டில், பெயர் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். வெள்ளையம்மா கொடுத்த சத்து மாத்திரை குமட்டும். வாயில் போடுவதுபோல் போட்டு, கொல்லைப்பக்கத்துப் பூவரச மரத்தடியில் துப்பிவிடுவேன். ஒருநாள் அவர் மரத்தை அண்ணாந்து பார்த்து, "இந்த மரத்திற்கு இரத்தம் நன்றாக ஊறியிருக்கிறது" என்றார். அன்றிலிருந்து அவர் எதிரிலேயே விழுங்கினேன். ஏழாம் மாதம் தொடங்கியபோது எனக்கு ராத்திரியில் தூக்கம் போய்விட்டது. வெள்ளையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இந்தக் குழந்தையை என் கைகளில் நான் வாங்குவேன். அஞ்சாதே."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடினேன்.

ஏழாம் மாதம் தாண்டியது. ஐப்பசி மழையில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு மாற்றல் வந்தது. ஒரிசாவில் ஏதோ ஒரு மலைக்காட்டு ஊர். அங்கே வைத்தியம் பார்க்க ஆளே இல்லையாம். அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. போ என்றால் போக வேண்டும். விட்டு வந்த இடத்துக்குத் திரும்புவதும் கிடையாது, கடிதம் போடுவதும் கிடையாது. மனசு பழைய இடத்திலேயே நின்றுவிட்டால் புது ஊர்க்காரர்களுக்கு எதைக் கொடுப்பது என்று காரணம் சொல்வார்கள்.

"கேட்டுப் பாருங்களேம்மா. எம் புள்ள பொறந்ததும் போறேன்னு கேளுங்களேன்."

"கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை" என்றார். கழுத்துச் சிலுவையை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அதைத் தவிர முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாக்குக் கொடுக்கும்போது மட்டும் யாரைக் கேட்டீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

புறப்பட்ட அன்றும் தூறல். ரைஸ் மில்காரர் கும்பகோணம் ரயிலடிக்குப் போகத் தன் வேனை அனுப்பியிருந்தார். சேதி வயலுக்குப் போய், நடவுப் பெண்கள் பாதி நாற்றுக்கட்டை வரப்பில் வைத்துவிட்டு அப்படியே வந்துவிட்டார்கள். முழங்கால் வரை சேறு. அன்றைக்கு வாசலில் யாரும் முழங்கவில்லை. கூடத்தில் நின்று ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துக்கொண்டார். பினாயில் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக வைத்திருந்த சிமெண்டுத் தரையில் ஊர்ப் பெண்களின் கால்தடம் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

இருந்ததே ஒரு தகரப் பெட்டியும் ஒரு குடையும். இரண்டும் ஏறின. அவரும் ஏறினார். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன். எட்டு மாத வயிறு, மூச்சு வாங்குகிறது, இருந்தும் விடவில்லை.

"என் பேறுகாலத்துக்கு வருவீங்களாம்மா? வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

உங்களுக்குத் தெரியும், நம் வீடுகளில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் யார் வாசல் தாண்டுகிறார்கள்? போகிறவர்கள் எல்லோரும் வருகிறேன் என்றுதான் சொல்கிறோம். அவரும் சொல்லியிருக்கலாம். ஊரே நிம்மதியாகக் கலைந்திருக்கும்.

வெள்ளையம்மா என்னையே பார்த்தார். பிறகு வேனிலிருந்து இறங்கி விடுவிடுவென்று உள்ளே போனார். எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் சர், சர் என்று சத்தம் வந்தது.

அஞ்சலையக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. ஓடினாள். அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். நானும் போய்ப் பார்த்தேன். வெறும் கட்டில், வெறும் அலமாரி. அவ்வளவு உயர மனுஷி இரண்டாக மடங்கித் தன் அறையைத் தானே பெருக்கிக்கொண்டிருந்தார். மூலையிலிருந்து வாசல் பக்கமாக, ஒரு துரும்பு விடாமல்.

"வேணாம்மா... ஒங்களுக்குத் தெரியுமேம்மா... வேணாம்மா."

அவர் நிறுத்தவில்லை. குப்பையை முறத்தில் அள்ளிக்கொண்டு போய்க் கொல்லைக் குழியில் கொட்டினார். இந்த முறை அதைத் திரும்பத் தூவவில்லை. கையைக் கழுவினார். விளக்கமாற்றை அஞ்சலையக்கா கையில் கொடுத்தார். என் வயிற்றின் மேல் ஈரக் கையை ஒரு நிமிஷம் வைத்திருந்தார். போய் ஏறிக்கொண்டார். வேன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது.

"சொல்லிட்டாங்க" என்றாள் அஞ்சலையக்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இழவு வீட்டைப் பெருக்கித் தள்ளுவதுபோலத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்களே என்று வீட்டில் வந்து குமுறினேன். என் குழந்தை அவ்வளவுதான் என்று மனசு அடித்துச் சொன்னது.

அன்று சாயங்காலம் அதே வேனில் புது சிஸ்டர் வந்து இறங்கினார். நாகர்கோவில் பக்கத்துச் சின்னப் பெண். கூடத்துச் சேற்றைப் பார்த்தார், காவலுக்கு உட்கார்ந்ததுபோல் சுவரோரம் உட்கார்ந்திருந்த அஞ்சலையக்காவைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரை ஒட்டியே நடந்து உள்ளே போனார். ஒரிசாவிலிருந்து சேதி வரும்வரை அந்தக் கூடம் அப்படியேதான் கிடந்தது. சேறு காய்ந்து பொருக்குத் தட்டிப்போயிற்று. மில் ஃபோனுக்குத் தகவல் வந்து, மில் கணக்குப்பிள்ளை சைக்கிளில் வந்து, "சிஸ்டர் பத்திரமா போய்ச் சேந்துட்டாங்களாம்" என்று சொன்ன பிறகுதான் அஞ்சலையக்கா எழுந்து பெருக்கினாள்.

எனக்கு வலி கண்டது ஒரு விடியற்காலையில். பயத்தில் கத்தின கத்தலில் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். புது சிஸ்டர் கொஞ்சமும் அசரவில்லை.

"நல்லா கத்துங்க. பயந்தா இவங்க கத்துவாங்க, நீ பயந்துடாதேன்னு சொல்லித்தான் விட்டிருக்காங்க."

"யாரு?"

"கும்பகோணம் ஸ்டேஷன்ல நான் எறங்குனேன், அவங்க ஏறணும். வண்டி வர்ற வரைக்கும் ஒங்களப் பத்தியேதான் பேசுனாங்க. ஆஸ்பத்திரி சாவியக்கூட அப்புறம்தான் குடுத்தாங்க. கால் வீங்குமாம், மாத்திரைய மரத்துக்குக் குடுப்பீங்களாம், ரெண்டு தடவ ஏமாந்த வயிறாம். அவ புள்ளைய வாங்குறப்ப ஒங்கையி என் கைன்னு நெனச்சு வாங்குன்னாங்க."

வாங்கினார். மாநிறமாக, கோபமாக, உயிரோடு. அவன் அழுத சத்தத்தில் அஞ்சலையக்கா வெளியே ஓவென்று அழுதாள்.

துடைத்து, சுற்றி, பக்கத்தில் போட்ட பிறகு கேட்டேன். இவ்வளவு அக்கறை இருக்கிறவர் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று. புது சிஸ்டர் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"அதையும் சொன்னாங்க. வர்றேன்னு சொல்லிட்டா, வலி வர்ற நேரத்துல அவ ஒன்னைப் பாக்க மாட்டா, வாசலத்தான் பாத்துக்கிட்டு இருப்பான்னாங்க. வாயால சொல்ல வரல, அவங்க ஊரு வழக்கத்துலயே சொல்லிட்டு வந்தேன்னாங்க. சொல்லிட்டு, பிளாட்பாரத்துல உக்காந்து அழுதாங்க."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

அதற்குப் பிறகு வெள்ளையம்மாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவர்கள் வழக்கப்படியே வரவில்லை, எழுதவும் இல்லை. இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. அஞ்சலையக்காவின் தம்பி மட்டும் கைநிறையச் சாமான்களோடு துபாயிலிருந்து திரும்பி வந்தான், அந்தக் குப்பையைத் திரும்பத் தூவியது வீண் போகவில்லை. அஞ்சலையக்கா இப்போது இல்லை. குடவாசலில் பெரிய ஆஸ்பத்திரிகள் வந்த பிறகு சிஸ்டர்களும் போய்விட்டார்கள். போன மாசிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன். ஓட்டுக் கட்டடம் இல்லை, பூவரச மரம் இல்லை. அந்த மனையில் அறுவடை இயந்திரங்கள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. கூடம் இருந்த இடம் எது என்று என்னால் குறிப்பாகச் சொல்ல முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு நாள் ஆகிவிட்டது. சற்றுமுன் ஃபோனில் சேதி வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டார்களாம், பனிக்குள் நிற்கும் படமும் கூடவே. வேலைக்காரப் பெண் எட்டிப் பார்த்து, "இப்பப் பெருக்கலாமாம்மா?" என்கிறாள். பெருக்கு என்றேன்.

இந்தத் தடவை மகன் தன் படிப்புச் சான்றிதழ்களையும் பேத்தியின் காதுகுத்துப் படங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அலமாரி காலி. கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "பொங்கலுக்கு வந்துடுறோம்மா" என்றான். போன பொங்கலுக்கும் அதைத்தான் சொன்னான். நிஜமாகவே வருவாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால், சத்தியமாக வருவேன் என்பான். நானும் தை பிறக்கும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். நல்ல பிள்ளைதான். பெருக்கத்தான் தெரியாது.