வீணைக்காரம்மாவிடம் ஒரு வேண்டுதல்

ஓவிய நண்பரின் ஸ்டுடியோவுக்கு இன்று மகளோடு போயிருந்தேன். சுவரெல்லாம் சாமிகளும் இசைக் கலைஞர்களும்.

வெள்ளைப் புடவையில், வீணையோடு சரஸ்வதி. செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி வாய்விட்டே வேண்டினேன்.

"தாயே, இவ பாட்டுப் பைத்தியத்த விட்டுட்டு கணக்குல பாஸாகணும்."

"அண்ணே, அது சாமி இல்ல. வில்லாபுரத்து வீணை டீச்சர். இந்தா, பின்னால நிக்கிறாங்கல்ல!" என்றார் நண்பர்.

டீ கிளாஸோடு நின்ற அந்த அம்மா, "ரெண்டு கைதான சார் வரைஞ்சிருக்காரு?" என்று சிரித்தார்.

நானும் அசடு வழியச் சிரித்தேன். மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வண்டியில் வீடு வரும்வரை பின்சீட்டில் சத்தமே இல்லை. வழக்கமாக அங்கிருந்து பாட்டு வரும்.

வேண்டுதல் பலித்துவிட்டது போலிருக்கிறது. இதை வாபஸ் வாங்க எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.