அம்மாவின் படங்கு

நுவரெலியா ஏரிக்கரையில் மகள் ஏறியிருந்த குதிரையின் காதுகள் சட்டென்று விறைத்தன. கடையொன்றின் நீலப் பொலித்தீன் காற்றில் படபடத்தது.

சின்ன வயதில், எங்கள் தோட்டத்து ரோட்டில் குதிரை லாயத்தில் வேலைசெய்த அப்பா பந்தயக் குதிரையை நடத்திவரும்போது, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்காக இடுப்பில் கட்டிய பொலித்தீன் படங்கை, குதிரை மிரளாமலிருக்கச் சுருட்டிக்கொள்வார்கள். ஒருநாள் அம்மாவின் படங்கைக் காற்று தூக்கியது. குதிரை முன்கால்களைத் தூக்கி எழும்பியது. அப்பா கயிற்றைத் தளர்த்தி, அதனோடு மெதுவாகப் பேசினார். அது அடங்கும்வரை அம்மா படங்கை மார்போடு அணைத்து அசையாமல் நின்றாள்.

"கயித்த விட்டுட்டு ஓடியிருக்கலாம்ல?" என்று அம்மா வீட்டில் அழுதாள்.

"விட்டா புள்ளைங்க வர்ற ரோட்டுக்குத்தான் ஓடும்," என்றார் அப்பா.

இங்கே ஏரிக்கரையில், மகளின் குதிரையைப் பிடித்திருந்த குதிரைக்காரர் கயிற்றை இறுக்கினார்.

"லூசா விடுங்கண்ணே," என்றேன்.

மகளிடம் ஓடத்தான் கால்கள் துடித்தன. ஓடாமல் நடந்துபோய், அந்தப் பொலித்தீனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். குதிரையின் காதுகள் இன்னும் இறங்கவில்லை.