ராஜா வரண்டாம்!

சரோஜா அக்கா பெட்டியத் திறந்ததும் குப்புனு வந்த வாசனை இன்னும் மூக்குல நிக்குது... கல்ஃப் சென்ட், பவுடர், புது நைலான் சேலை எல்லாம் கலந்த மணம்.

அக்கா புருஷன் துபாய்ல இருந்து கொண்டுவந்த சேலைங்க. பாரீஸ் சீமாட்டி வேஷத்துக்கு கேரள எல்லையில இருக்குற எங்க கொல்லயில் பஞ்சாயத்துல வேற என்ன காஸ்ட்யூம் கிடைக்கும்?

நான் அப்போ பி.ஏ. ஹிஸ்டரி. பிரான்ஸ்ல ராஜா ஆட்சி போய் பல வருஷம் கழிச்சும், ராஜா திரும்பி வரணும்னு சங்கம் வச்சு நடத்தின பெண்களைப் பத்தி எனக்கு செமினார். ஓட்டுகூட கிடையாது அவங்களுக்கு. ஆனா கூட்டம் போடுவாங்க, வசூல் பண்ணுவாங்க, பத்திரிகை விப்பாங்க.

அதையே எங்க ஊர்ப் பெண்கள் சங்கமான மகிளா சமாஜம் ஆண்டு விழாவுக்கு நாடகமா எழுதிட்டேன். கொழுப்புதான்!

தலைவி வேஷம் எங்க பிரசிடெண்ட் பெரியவீட்டு அம்மாவுக்கு. நிலச் சட்டத்துல அவங்க வயல் பாதி, பாட்டத்துக்கு, அதான் குத்தகைக்கு, உழுதவங்களுக்கே போயிருந்த நேரம். "ராஜா வரணும்!"னு சொல்ல அவங்களுக்கு நடிப்பே தேவைப்படல. அந்த வயல்ல ஒரு துண்டு கிடைச்ச வீட்டு மருமகள் சரோஜா அக்கா, பக்கத்துல நின்னு அதே வசனத்த சிரிப்ப அடக்கிட்டு சொல்லுவா.

அக்காவுக்கு கவலை வேற. மாமியார் கடைக்குக்கூட தனியா விடமாட்டாங்க. ரிகர்சல்னு சொல்லித்தான் சனிக்கிழமை வெளிய வந்துட்டிருந்தா. விழா முடிஞ்சா அதுவும் போச்சு.

கடைசி சீன்ல ராஜா திரும்பி வர்ற மாதிரி எழுதியிருந்தேன்.

"மக்கா, ராஜா வந்தாச்சுன்னா இவியளுக்கு பின்ன சங்கம் எதுக்கு?"ன்னு கேட்டா அக்கா.

"கலைச்சிருவாங்க..."

"அப்போ வரண்டாம். மாத்தி எழுது பிள்ளே."

பிரசிடெண்ட் கோவப்படுவாங்கன்னு பயந்தேன். ஆனா அவங்களே சொன்னாங்க.

"செரியாக்கும். சனிக்கிழமை ஆனா எனக்கும் வீட்டுல இருப்பு கொள்ளாது. வரண்டாம்."

விழா அன்னிக்கு மேடையில அக்கா தந்தி படிச்சா. "ராஜா இந்த வருஷமும் வரல்ல. அடுத்த சனிக்கிழமையும் கூட்டம் உண்டு!"

முன் வரிசையில இருந்த மாமியார் எழுந்துட்டாங்க. "எடியே சரோஜா, அடுத்த சனிக்கிழமையும் உண்டா?"

அக்கா முகம் செத்துப்போச்சு. பெரியவீட்டு அம்மாதான் மேடையில இருந்தே பதில் சொன்னாங்க. "உண்டு. நீயும் வா. எனக்க பக்கத்துல இருக்கலாம்."

ஒரு காலத்துல பெரியவீட்டுக்குள்ள ஏறாம முற்றத்துல நின்னே பேசின மாமியார்... "அப்போ நானும் வாறேன்"னு சொல்லி உக்காந்தாங்க பாருங்க, கைதட்டல் அடங்கவே இல்ல.

இப்போ என் மகள் பாறசாலையில ரயிலேறி தினமும் வேலைக்குப் போறா. யார்கிட்டயும் காரணம் சொல்ல வேண்டாம். அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஆனா அன்னிக்கு நாங்க சனிக்கிழமைக்குக் காத்திருந்த மாதிரி... இப்போ நான் எந்தக் கிழமைக்கும் காத்திருக்கல.