பாறை சாட்சி சொன்ன நாள்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் பாறை என்று பெயர். வெளிநாட்டவர் ஒருவருக்குத் தங்கும் அனுமதியை நீட்டிக்க அரசு மறுத்து, அவர் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தால், தீர்ப்பாயத்தில் அரசுப் பக்கம் நின்று வாதாடுவது இவர் வேலை. எதிரே நிற்பவர் அழுதாலும் சரி, கத்தினாலும் சரி, அசைய மாட்டார். வீட்டில் பேத்தியோடு சீட்டு விளையாடும்போதுகூட விட்டுக்கொடுக்காத ஜென்மம்.

ஆனால் தண்ணீர் என்றால் பாறைக்கு நடுக்கம். குடும்பத்தோடு கடலுக்குப் போனால் நாங்கள் குளிப்போம், இவர் செருப்புக்குக் காவல் இருப்பார். "தாத்தா, உங்களுக்குப் பயமா?" என்று பேத்தி ஒருநாள் கேட்டுவிட்டாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுவாரமே நகராட்சி நீச்சல் குளத்தில், பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பில் சேர்ந்துவிட்டார். அலுவலகத்து ஆட்களிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

வாத்தியார் ஒரு வெளிநாட்டு இளைஞர். இந்த வேலைக்காகக் கிடைத்த அனுமதியில், மனைவியோடும் பள்ளிக்கூடம் போகும் மகளோடும் இங்கே வந்து குடியிருந்தார். இரண்டு வருடம் ஆகியும் என் வீட்டுக்காரர் குளத்து ஓரக் கம்பியை விட்டபாடில்லை. வாத்தியாரோ தினமும், "நேத்தைவிட இன்னிக்குப் பரவாயில்ல சார்" என்பார். பச்சைப் பொய்!

ஒருநாள் சாயங்காலம் இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாத்தியார் கேஸ் என் மேஜைக்கு வந்திருக்கு. நீட்டிப்பு இல்லன்னுட்டாங்க. அவர் வகுப்புல ஒருத்தர்கூட சான்றிதழ் வாங்கலையாம். அதனால அவர் பாடமே நடத்தலையாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களைச் சேர்த்துக்கிட்டா எங்கேர்ந்து வாங்கறது?"

"சிரிக்காதே. தோத்துட்டா அவங்க குடும்பத்தோட கிளம்பணும்."

அந்த வகுப்பின் முறையே வேறு. யாருக்காவது பயம் தெளிந்துவிட்டால் வாத்தியார் அவரை அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுவார். சான்றிதழ் அங்கேதான் தருவார்கள், கற்றுத் தந்த பெயரும் அங்கிருக்கும் வாத்தியாருக்குத்தான். அனுமதிப் பிரிவினர் குளத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், சான்றிதழ் பூஜ்யம் என்றதும் மறுத்துவிட்டார்கள். குளத்து நிர்வாகம் சொன்ன விளக்கத்தையும், தன் ஆளைக் காப்பாற்றுகிறது என்று தள்ளிவிட்டார்கள். வகுப்பில் படித்தவர்கள்தான் சாட்சி சொல்ல வேண்டும். ஆனால் தான் பயந்தாங்கொள்ளி என்று ஊரறியச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

மறுநாளே இவர், வாத்தியாரைத் தனக்குத் தெரியும் என்று மேலதிகாரியிடம் சொல்லிக் கேஸைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு நிற்காமல், நானே சாட்சி சொல்கிறேன் என்று வாத்தியாரின் வக்கீலிடமும் சொல்லிவிட்டார். அந்த நிமிஷம் என் வீட்டுக்காரரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

விசாரணைக்கு நானும் போயிருந்தேன். அரசுப் பக்கம் நின்றது, இவரிடமே தொழில் கற்ற இளைய வக்கீல். பாவம், அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"சார், இந்த வகுப்புல எவ்வளவு நாளா இருக்கீங்க?"

"ரெண்டு வருஷமா."

"நீந்தத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ அவர் ஒண்ணும் சொல்லித் தரலைன்னுதானே அர்த்தம்?"

"இல்ல தம்பி. முதல் மாசம் நான் உடை மாத்துற அறையை விட்டே வெளியே வரலை. அவர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிக்கிட்டே இருந்தார். இப்போ கழுத்தளவு தண்ணியில நிக்கிறேன். என்கூடச் சேர்ந்தவங்க எல்லாரும் மேல் வகுப்புக்குப் போயிட்டாங்க. வாத்தியார் நல்லவர், மாணவன்தான் மக்கு."

அறையே குலுங்கிச் சிரித்தது. தீர்ப்பாயத் தலைவி அம்மா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்புறம் ஏன் விடாம போறீங்க?" என்று கேட்டார்.

"பயப்படறதுக்கு நான் வெட்கப்படாத ஒரே இடம் அதுதாம்மா" என்றார் இவர். யாரும் சிரிக்கவில்லை.

மறுத்த உத்தரவு ரத்து, அனுமதியை நீட்டிக்க வேண்டும் என்று தலைவி அம்மா அங்கேயே சொல்லிவிட்டார். அரசும் மேலே போகப் போவதில்லை என்றார் இளைய வக்கீல்.

வெளியே நடைக்கூடத்தில் வாத்தியாரின் மனைவி மகளைக் கட்டிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். வாத்தியார் இவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் இவர் கேட்டார்.

"அங்க தோத்தவங்க அழுதுதான் பார்த்திருக்கேன். ஜெயிச்சாலும் இப்படித்தான் அழுவாங்களா?"

"ஆமாங்க" என்று சொல்லி, அவர் கண்ணை என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.